மேலிடத்தை மீறி விசா கொடுத்தவர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் யூத அகதிகளுக்கு விதியை மீறி விசா கொடுத்த தூதரக அதிகாரிகளைப் பற்றி எப்போது பேச்செடுத்தாலும் நண்பர்கள் ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்வதற்குப் பதில் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பார்கள். இது பூசாரி கொடுத்த கதை. சாமிதான் மாட்டேன் என்றது.

ஹிட்லர் 1933-இலேயே ஆட்சிக்கு வந்துவிட்டார். யூதர்கள் ஏன் அப்போதே கிளம்பவில்லை?

நிறையப் பேர் கிளம்பினார்கள். கிளம்ப நினைத்தும் போக இடமில்லாமல் நின்றவர்களும் நிறைய. இங்கே ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. 1941 அக்டோபர் வரை யூதர்கள் வெளியேறுவதை நாஜி அரசு தடுக்கவில்லை. சொத்தைப் பிடுங்கிக்கொண்டு துரத்தவே செய்தது. அடைத்திருந்தது மற்ற நாடுகளின் கதவு.

1938 ஜூலையில் பிரான்சின் ஏவியான் என்ற ஊரில் 32 நாடுகள் கூடி அகதிகளைப் பற்றிப் பேசின. அனுதாபம் தெரிவிக்காத நாடு இல்லை. இடம் கொடுக்க முன்வந்தது டொமினிகன் குடியரசு மட்டும்தான் என்றே சொல்லலாம். அதே ஆண்டு அக்டோபரில், சுவிட்சர்லாந்தோடு நடத்திய பேச்சுக்குப் பிறகு, யூதர்களின் ஜெர்மன் பாஸ்போர்ட்டில் சிவப்பு மையில் 'ஜே' என்ற எழுத்தைக் குத்த ஆரம்பித்தார்கள். எல்லையில் நிற்கும் காவலர் ஒரே பார்வையில் ஆளை அடையாளம் கண்டு திருப்பி அனுப்புவதற்கு அது வசதி. 1939 மே மாதம் 'செயின்ட் லூயிஸ்' கப்பல் 937 பயணிகளோடு ஹவானா துறைமுகம் வரை போனது. ஒரு சிலரைத் தவிர யாரையும் கியூபா இறங்க விடவில்லை. அமெரிக்காவும் ஏற்கவில்லை. கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்பியது. அதில் வந்தவர்களில் 254 பேர் பின்னால் கொல்லப்பட்டார்கள்.

விசா என்பது ஒரு காகிதம்தானே? அது எப்படி உயிரைக் காப்பாற்றும்?

அந்தக் காகிதம் ஒரு சங்கிலியின் முதல் கண்ணி. போய்ச் சேரும் நாட்டின் விசா கையில் இருந்தால்தான் இடையில் உள்ள நாடு டிரான்சிட் விசா தரும். அது இருந்தால்தான் ரயில் டிக்கெட்டும் கப்பல் டிக்கெட்டும். எல்லாம் சேர்ந்தால்தான் வெளியேற அனுமதி. முதல் கண்ணி இல்லையென்றால் மற்ற எதுவும் கிடையாது.

வியன்னாவில் நடந்ததைப் பாருங்கள். 1938 மே முதல் அங்கே சீனாவின் கான்சல் ஜெனரலாக இருந்தவர் ஹோ ஃபெங்ஷான். அவர் ஷாங்காய்க்கு என்று எழுதி விசா கொடுத்தார். வேடிக்கை என்னவென்றால், ஷாங்காயில் இறங்க அப்போது விசாவே தேவையில்லை. ஜப்பான் படையெடுப்புக்குப் பிறகு அந்தத் துறைமுகத்தில் பாஸ்போர்ட்டைப் பார்க்க ஆளில்லை. அப்படியானால் விசா எதற்கு? வியன்னாவை விட்டு வெளியேற. நாட்டைவிட்டுப் போகிறேன் என்பதற்கு ஆதாரம் காட்டினால் டாஹாவ் என்ற நாஜி வதைமுகாமிலிருந்தே ஆட்களை விட்டார்கள். ஷாங்காய் விசாவைக் காட்டிவிட்டு வேறு நாட்டுக்குப் போனவர்களும் உண்டு. 17 வயதுப் பையன் ஒருவன் 50 தூதரகங்களின் படியேறி இறங்கி, கடைசியில் இங்கே வந்து தன் உறவினர்களுக்கும் சேர்த்து 20 விசா வாங்கிப் போயிருக்கிறான்.

பெர்லினில் இருந்த சீனத் தூதர் ஜெர்மனியோடு உறவு கெடக் கூடாது என்று நினைத்தார். விசாவை நிறுத்தச் சொன்னார். ஹோ நிறுத்தவில்லை. காசு வாங்கிக்கொண்டு கொடுக்கிறாரோ என்று விசாரிக்க ஆளை அனுப்பினார்கள், ஒன்றும் அகப்படவில்லை. தூதரகக் கட்டடம் யூதருடைய சொத்து என்று நாஜிகள் அதைப் பறித்துக்கொண்டபோது, ஹோ சொந்தப் பணத்தில் சின்ன இடம் ஒன்றை வாடகைக்கு எடுத்து வேலையைத் தொடர்ந்தார். 1939-இல் அவருடைய பணிப் பதிவேட்டில் கரும்புள்ளி விழுந்தது. பல நாடுகளில் தூதராக இருந்து 1973-இல் ஓய்வு பெற்றபோது தைவான் அரசு அவருக்குப் பென்ஷன் தரவில்லை. அதற்குச் சொன்ன காரணம் வேறு, கணக்கு வழக்குப் புகார். வியன்னாவைப் பற்றி அவர் வீட்டில்கூட அதிகம் பேசியதில்லை. 1997-இல் சான் பிரான்சிஸ்கோவில் இறந்த பிறகுதான் மகள் தேட ஆரம்பித்தார், ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

இந்தப் பட்டியலில் வரும் எல்லோருமே உத்தரவை மீறியவர்களா?

இல்லை. இணையத்தில் எல்லோரையும் ஒரே தட்டில் வைத்துவிடுகிறார்கள். எழுத்தில் வந்த தடையை நேருக்கு நேர் மீறியவர்கள் உண்டு: போர்த்துகலின் சோசா மெண்டெஸ், சீனாவின் ஹோ. பிரான்சில் பிரேசில் தூதராக இருந்த சோசா டாண்டாஸும் அப்படித்தான், அவர்மீது சொந்த அரசே விசாரணை வைத்தது. உத்தரவை இழுத்து இழுத்து அதன் எலும்பை முறித்தவர்கள் உண்டு: ஜப்பானின் சுகிஹாராவும் சுவிட்சர்லாந்தின் லுட்ஸும். அதிகாரமே இல்லாமல் அதிகாரி வேஷம் போட்டவர் ஒருவர், இத்தாலிய வியாபாரி பெர்லாஸ்கா.

ரவுல் வாலன்பெர்கின் பெயர்தான் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வரும். அவர் செய்த வேலை பிரம்மாண்டமானது. ஆனால் அவர் எதையும் மீறவில்லை. 1944 ஜூலையில் யூதர்களைக் காப்பாற்றுவதற்காகவே சுவீடன் அவரை ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டுக்கு அனுப்பியது, பின்னால் அமெரிக்கப் பணமும் இருந்தது. 1945 ஜனவரி 17-இல் சோவியத் படை அவரைக் கூட்டிக்கொண்டு போனது, திரும்பவே இல்லை. அவருடைய கதை வேறு வகை என்பதால் இந்தப் பக்கத்தில் அவரைப் பற்றி இவ்வளவுதான்.

சுகிஹாரா கதையில் உண்மையில் நடந்தது என்ன?

சியூனே சுகிஹாரா 1939-இல் லிதுவேனியாவின் அப்போதைய தலைநகர் கௌனாஸுக்குத் துணை கான்சலாக வந்தார். அங்கே ஜப்பானியர் என்று சொல்லப்போனால் யாருமே கிடையாது. பிறகு எதற்கு ஒரு கான்சல்? சோவியத், ஜெர்மன் படைகளின் நடமாட்டத்தைக் கவனித்துச் சொல்ல. சுகிஹாரா ரஷ்ய மொழியில் கெட்டிக்காரர். மஞ்சூரிய ரயில்பாதையை சோவியத்திடமிருந்து வாங்கும் பேரத்தில் உட்கார்ந்து பேசியவர். சுருக்கமாகச் சொன்னால் உளவு வேலை பார்க்க வந்த ஆள்.

1939 செப்டம்பரில் போலந்து துண்டாடப்பட்டதும் ஆயிரக்கணக்கான போலந்து யூதர்கள் லிதுவேனியாவுக்குள் ஓடி வந்தார்கள். 1940 ஜூனில் சோவியத் படை லிதுவேனியாவையும் பிடித்தது. எல்லா நாட்டுத் தூதரகங்களையும் ஆகஸ்டுக்குள் மூடச் சொல்லிவிட்டார்கள். மேற்கே ஜெர்மனி, பால்டிக் கடலில் போர். மிச்சம் இருந்த ஒரே வழி கிழக்கே, சைபீரியாவைக் கடந்து ஜப்பான். ஆனால் ஜப்பான் வெறுமனே டிரான்சிட் விசா தராது. போய்ச் சேரும் ஊர் எது என்று கேட்கும்.

அந்த ஊரைக் கண்டுபிடித்துக் கொடுத்தது சுகிஹாரா அல்ல. லிதுவேனியாவில் இருந்த டச்சுக்காரப் பெண் ஒருவர், பெஸ்லா லெவின், பக்கத்து நாடான லாட்வியாவின் ரீகாவில் இருந்த டச்சுத் தூதர் டெ டெக்கருக்கு எழுதிக் கேட்டார். கரீபியன் கடலில் உள்ள டச்சுத் தீவு குராசோவுக்குப் போக விசா கிடைக்குமா? தூதர் சொன்ன பதில்: குராசோவுக்கு விசாவே கிடையாது, அந்தத் தீவின் ஆளுநர் அனுமதித்தால் இறங்கலாம். ஆளுநர் யாரையும் அனுமதிப்பதில்லை என்பது வேறு கதை. அப்படியானால் முதல் பாதியை மட்டும் பாஸ்போர்ட்டில் எழுதித் தரக் கூடாதா என்று அந்தப் பெண் மறுபடி கேட்டார். தூதர் எழுதித் தந்தார். 'சுரிநாம், குராசோ முதலிய டச்சுப் பகுதிகளுக்குள் நுழைய விசா தேவையில்லை' என்று. எழுதியதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனால் ஆளுநர் காணாமல் போயிருந்தார்.

கௌனாஸில் இதைக் கூட்டத்துக்கு எழுதிக் கொடுத்தவர் யான் ஸ்வார்டென்டைக். தொழில்முறைத் தூதர்கூட இல்லை. ஃபிலிப்ஸ் கம்பெனியின் லிதுவேனியக் கிளை மேலாளர், ரேடியோ விற்றுக்கொண்டிருந்தவர். பழைய கான்சல்மீது நாஜி சார்பு என்ற சந்தேகம் வந்ததால் 1940 ஜூனில்தான் தற்காலிகமாக அந்தப் பொறுப்பை இவரிடம் கொடுத்தார்கள். ஜூலை கடைசியில் ஆரம்பித்து ஆகஸ்டு 3 வரை, பத்துப் பன்னிரண்டு நாளில் 2,000-க்கு மேல் எழுதினார். ஆரம்பத்தில் எல்லாம் கையாலேயே.

அந்தக் காகிதத்தோடு வரிசை சுகிஹாராவின் வாசலுக்கு நகர்ந்தது. அவர் டோக்கியோவுக்குத் தந்தி அடித்தார். பதில் மாறவில்லை: போய்ச் சேரும் நாட்டின் அனுமதி, வழிச்செலவுக்குப் பணம், இரண்டும் இருப்பவர்களுக்கு மட்டும் கொடு. சுகிஹாரா குராசோ குறிப்பையே அனுமதி என்று எடுத்துக்கொண்டார். போகப்போக அதுவும் இல்லாதவர்களுக்கும் கொடுத்தார். பணத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. முத்திரை குத்த யூத வேதபாடசாலை மாணவர் ஒருவர் உள்ளே உட்கார்ந்து உதவி செய்தார். மாலையானால் வலியெடுத்த கையைத் தேய்த்துவிட்டதாக மனைவி யுகிகோ பிற்பாடு எழுதியிருக்கிறார். தூதரகத்தை மூடிய பிறகு ஓட்டலில் இருந்து எழுதினார். செப்டம்பர் தொடக்கத்தில் பெர்லின் ரயிலில் ஏறிய பிறகும் ஜன்னல் வழியே எழுதிக் கொடுத்ததாகச் சொல்வார்கள்.

அவர் 6,000 பேரைக் காப்பாற்றினார் என்பது சரியா?

அவர் டோக்கியோவுக்கு அனுப்பிய பெயர்ப் பட்டியல் இருக்கிறது. அதில் 2,139 பெயர்கள். ஒரு விசாவில் மனைவி, குழந்தைகள் சேர்ந்து போயிருக்கலாம் என்று கணக்குப் போட்டுச் சொல்வதுதான் 6,000. விசா வாங்கியும் கிளம்ப முடியாதவர்கள் இருக்கிறார்கள் என்பதால் அந்தக் கணக்கை ஆய்வாளர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்வதில்லை. எனக்கு 2,139 போதும்.

குராசோவுக்கு யாராவது போனார்களா?

ஏறக்குறைய யாரும் போகவில்லை. போவதற்காக எழுதியதும் அல்ல.

ஆனால் கௌனாஸிலிருந்து ஜப்பான் போனதே பெரிய கதை. சோவியத் அரசு வெளியேற அனுமதி கொடுத்தது. அந்தக் காலத்தில் அது கொடுத்ததுதான் இந்த முழு விவகாரத்திலேயே பெரிய ஆச்சரியம். ஒரு காரணம் வெளிநாட்டுப் பணம்: சைபீரிய ரயில் டிக்கெட்டை அரசுப் பயண நிறுவனமான இன்டூரிஸ்டிடம் டாலரில்தான் வாங்க வேண்டும். கையில் டாலர் வைத்திருப்பது சோவியத் சட்டப்படி குற்றம்! அமெரிக்க யூத நல அமைப்புகள் வெளியிலிருந்து பணம் கட்டிப் பலரை மீட்டன. இரண்டு வாரத்துக்குக் குறையாத பயணத்தில் விளாடிவோஸ்டாக், அங்கிருந்து கப்பலில் ஜப்பானின் சுருகா துறைமுகம், அப்புறம் கோபே நகரம். அங்கிருந்த சின்ன யூதச் சமூகம் தங்க இடமும் சோறும் ஏற்பாடு செய்தது. 10 நாள் டிரான்சிட் என்று வந்தவர்கள் மாதக்கணக்கில் தங்கினார்கள். பாதிக்கு மேல் அமெரிக்கா, பாலஸ்தீனம் என்று வேறு நாடுகளுக்குப் போனார்கள். எங்கும் போக வழியில்லாத 1,000 பேர் வரை 1941-இல் ஷாங்காய்க்கு அனுப்பப்பட்டார்கள். போலந்தின் புகழ்பெற்ற மிர் வேதபாடசாலை, ஆசிரியர்களும் மாணவர்களுமாக ஏறக்குறைய முழுதாகப் பிழைத்தது இந்த வழியில்தான். பிற்காலத்தில் இஸ்ரேலில் அமைச்சரான சோராக் வார்ஹாஃப்டிக்கும் சுகிஹாரா விசாவில் வந்தவர்.

லிதுவேனியாவின் சொந்த யூதர்களில் மிகச் சிலரே இப்படிக் கிளம்ப முடிந்தது. அவர்கள் அதற்குள் சோவியத் குடிமக்கள் ஆக்கப்பட்டுவிட்டார்கள், வெளியேற அனுமதி இல்லை. 1941 ஜூனில் ஜெர்மன் படை வந்தது. அங்கிருந்த யூதர்களில் 10-இல் 9 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள்.

இதற்காக ஜப்பான் அரசு சுகிஹாராவை வேலையிலிருந்து தூக்கியதா?

உடனே இல்லை. இதை அடித்துச் சொல்பவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். கௌனாஸுக்குப் பிறகும் பிராக், கோனிக்ஸ்பெர்க், புக்காரெஸ்ட் என்று அவருக்குப் பணியிடங்கள் கொடுத்தார்கள். போர் முடிவில் ருமேனியாவில் சோவியத் படை குடும்பத்தோடு பிடித்து முகாமில் வைத்தது. 1947-இல் ஊர் திரும்பியதும் ராஜினாமா செய்யச் சொன்னார்கள். அமைச்சகம் சொல்லும் காரணம் போருக்குப் பிந்தைய ஆட்குறைப்பு. லிதுவேனியா விவகாரம்தான் காரணம் என்று அவரும் குடும்பமும் கடைசிவரை நம்பினார்கள். இரண்டுமே கலந்திருக்கும் என்பது என் எண்ணம். ஆட்குறைப்புப் பட்டியலில் முதலில் ஏறுவது சொன்ன பேச்சைக் கேட்காதவன் பெயர்தானே.

சில்லறை வேலைகள் பார்த்து, பின்பு ஒரு வர்த்தக நிறுவனத்துக்காக மாஸ்கோவில் பல வருஷம் தனியாக இருந்தார். 1968-இல் டோக்கியோவில் இருந்த இஸ்ரேல் தூதரக அதிகாரி ஒருவர் தேடிக் கண்டுபிடித்தார். அந்த அதிகாரியே சுகிஹாராவின் விசாவில் தப்பியவர். 1986-இல் சுகிஹாரா இறந்தார்.

ஸ்வார்டென்டைக் நெதர்லாந்துக்குத் திரும்பி, மறுபடியும் ஃபிலிப்ஸில் வேலை பார்த்து, 1976-இல் இறந்தார். தான் அனுப்பியவர்கள் பிழைத்தார்களா என்பதுகூட அவருக்குச் சரியாகத் தெரியாது. யாத் வாஷெம் அங்கீகாரம் 1997-இல் வந்தது. என்னைக் கேட்டால் இந்த ஜோடியில் அநியாயமாக மறக்கப்பட்டவர் இவர்தான்.

யாத் வாஷெம் என்றால் என்ன?

ஜெருசலேமில் உள்ள, இனப்படுகொலையில் இறந்தவர்களுக்கான நினைவு நிறுவனம். யூதர்களைக் காப்பாற்றிய பிற மதத்தினருக்கு 'நாடுகளிடையே நீதிமான்கள்' என்ற பட்டம் தருகிறது. 28,000-க்கு மேற்பட்டோர் பெற்றிருக்கிறார்கள், அதில் தூதரக அதிகாரிகள் சில டஜன் பேர்தான்.

சோசா மெண்டெஸ் யார்? அவருக்கு என்ன ஆனது?

அரிஸ்டிடெஸ் டி சோசா மெண்டெஸ், பிரான்சின் போர்டோ நகரில் போர்த்துகலின் கான்சல். பழைய பண்ணை வீட்டுக் குடும்பம், தீவிரக் கத்தோலிக்கர், 14 பிள்ளைகள். போர்த்துகலை ஆண்ட சர்வாதிகாரி சலாசார் வெளியுறவுத் துறையையும் தன் கையிலேயே வைத்திருந்தார். 1939 நவம்பர் 11-இல் அவருடைய அமைச்சகம் '14-ஆம் எண் சுற்றறிக்கை' ஒன்றை அனுப்பியது. நாடற்றவர்கள், ரஷ்யர்கள், சொந்த நாட்டிலிருந்து துரத்தப்பட்ட யூதர்கள் போன்றவர்களுக்குத் தலைநகர் லிஸ்பனைக் கேட்காமல் விசா தரக் கூடாது. கேட்டால் பதில் வராது, வந்தாலும் வேண்டாம் என்று வரும்.

சோசா மெண்டெஸ் ஏற்கெனவே ஓர் ஆஸ்திரியப் பேராசிரியருக்குக் கேட்காமல் விசா கொடுத்துவிட்டுத் திட்டு வாங்கியவர். ஆக, 1940 ஜூனில் திடீரென்று ஞானம் வந்ததாக எழுதுவது சினிமாத்தனம்.

அந்த ஜூனில் பாரிஸ் விழுந்தது. பிரெஞ்சு அரசே போர்டோவுக்கு ஓடி வந்தது. அதன் பின்னால் பெல்ஜியத்திலிருந்தும் வட பிரான்சிலிருந்தும் லட்சக்கணக்கில் ஜனம். ஸ்பெயின் வழியாகப் போர்த்துகலுக்குப் போனால் கப்பல் ஏறலாம். அதற்குப் போர்த்துகல் விசா வேண்டும். தூதரகத்தின் மாடிப்படியில்கூட ஆட்கள் தூங்கினார்கள், இடத்தை விட்டால் வரிசை போய்விடும் என்று. சாய்ம் குரூகர் என்ற யூத மதகுருவைத் தெருவில் சந்தித்து, குடும்பத்தோடு தன் வீட்டில் தங்க வைத்தார். உங்கள் குடும்பத்துக்கு விசா தருகிறேன் என்றார். குரூகர் மறுத்துவிட்டார்: எனக்கு மட்டும் வேண்டாம், வெளியே நிற்பவர்களுக்கும் கொடுங்கள்.

அதன் பிறகு சோசா மெண்டெஸ் மூன்று நாள் படுத்த படுக்கையாகக் கிடந்தார். காய்ச்சலா, மனம் உடைந்ததா, யாருக்கும் விளங்கவில்லை. ஜூன் 17 காலை எழுந்து வந்து, மதமும் தேசமும் பார்க்காமல் எல்லோருக்கும் விசா என்று அறிவித்தார். குரூகர் தெருவில் பாஸ்போர்ட்டுகளைக் கட்டுக்கட்டாகச் சேகரித்து வந்தார். ஒருவர் முத்திரை குத்த, ஒருவர் எண் போட, கான்சல் கையெழுத்து மட்டும். முழுப் பெயர் எழுத நேரமில்லாமல் கடைசியில் வெறும் 'மெண்டெஸ்'. கட்டணம் வாங்குவதையும் நிறுத்தினார்கள். பிறகு தெற்கே பயோன் நகரத்துக்குப் போய், தயங்கி நின்ற அங்கிருந்த அதிகாரியை ஓரமாக நகர்த்திவிட்டுத் தானே பொறுப்பேற்று விசா கொடுக்க வைத்தார். எல்லைப் பக்கம் ஆந்தாய் ஊரில் தெருவிலேயே நின்று கொடுத்தார். லிஸ்பன் ஜூன் 24-இல் ஊருக்குத் திரும்பச் சொன்னது.

ஒழுங்கு நடவடிக்கையில் தீர்ப்பு அக்டோபரில் வந்தது: ஓராண்டு பாதிச் சம்பளத்தில் வேலையில்லாமல் இருத்தல், அதன் பின் கட்டாய ஓய்வு. பெரிய குடும்பம் மெல்ல மெல்லச் சரிந்தது. லிஸ்பனில் யூதச் சமூகம் அகதிகளுக்காக நடத்திய உணவுக்கூடத்தில் சோசா மெண்டெஸ் குடும்பம் சாப்பிட்டிருக்கிறது. வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாக விலைக்குப் போயின. பிள்ளைகள் பல நாடுகளுக்குப் பிரிந்தார்கள். 1954 ஏப்ரல் 3-இல் லிஸ்பனின் ஒரு பிரான்சிஸ்கன் மருத்துவமனையில் இறந்தார். அகதிகளுக்கு அடைக்கலம் தந்த நாடு என்ற நல்ல பெயரைச் சலாசார் அரசு அப்படியே எடுத்துக்கொண்டது.

யாத் வாஷெம் 1966-இலேயே அவரை அங்கீகரித்தது. போர்த்துகல் நாடாளுமன்றம் 1988-இல்தான் பழைய தண்டனையை ரத்து செய்து பதவியை மீட்டுக் கொடுத்தது. 2021-இல் லிஸ்பன் தேசிய நினைவாலயத்தில் அவருக்கு நினைவுக்கல் வைத்தார்கள்.

அவரை மகான் ஆக்குபவர்கள் ஒன்றை மறைப்பார்கள். அந்த வாரத்தில் அவருடைய சொந்த வாழ்க்கையும் சிக்கலில் இருந்தது. பிரெஞ்சுக் காதலி ஒருவர் அவருடைய குழந்தையைச் சுமந்துகொண்டிருந்தார். மனைவி இறந்த பிறகு அந்தப் பெண்ணைத்தான் மணந்தார். இதைச் சொல்வதால் அவர் குறைந்துவிடுவதாக எனக்குத் தோன்றவில்லை.

30,000 விசா கொடுத்தார் என்கிறார்களே?

அந்த எண் பல இடங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. போர்டோ பதிவேட்டை ஆராய்ந்தவர்கள் 1940 ஜனவரி 1 முதல் ஜூன் 22 வரை 2,862 விசாக்கள் பதிவானதைக் கண்டார்கள். அதில் 1,575 ஜூன் 15-க்கும் 22-க்கும் இடையில். கடைசி நாட்களில் எழுதாமல் கொடுத்தது, மற்ற ஊர்களில் கொடுத்தது எல்லாம் சேர்ந்தால் எண்ணிக்கை ஏறும்தான். ஆனால் 30,000-க்குப் போக ஆதாரம் போதாது.

புடாபெஸ்டில் நடந்தது விசா கதை மாதிரி இல்லையே?

ஆமாம், அங்கே காலம் மாறிவிட்டது. 1944 மார்ச்சில் ஜெர்மனி ஹங்கேரிக்குள் நுழைந்தது. மே முதல் ஜூலைக்குள் 4 லட்சத்துக்கு மேற்பட்ட யூதர்களை, பெரும்பாலும் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு, ரயிலேற்றிவிட்டார்கள். வெளியே போக விசா என்பதெல்லாம் பழங்கதை. இப்போது தேவைப்பட்டது 'இவர் எங்கள் பாதுகாப்பில் இருக்கிறார், தொடாதே' என்ற கடிதம்.

அங்கே சுவிட்சர்லாந்தின் துணை கான்சல் கார்ல் லுட்ஸ். பிரிட்டனின் நலன்களையும் அந்தப் போரில் சுவிட்சர்லாந்துதான் பார்த்துக்கொண்டது. அதனால் பாலஸ்தீனம் போக அனுமதி பெற்றவர்கள் அவர் பொறுப்பு. ஜெர்மானியர்களிடம் பேரம் பேசி 8,000 பேருக்குப் பாதுகாப்புக் கடிதம் கொடுக்க ஒப்புதல் வாங்கினார். பிறகு அந்த 8,000 தலைகள் அல்ல, குடும்பங்கள் என்று வைத்துக்கொண்டார். எண் 8,000-ஐ நெருங்கியதும் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். ஒரு கண்ணாடி வியாபாரியின் பழைய காட்சிக்கூடமான 'கண்ணாடி வீடு' சுவிஸ் கொடியின் கீழ் வந்தது, அதற்குள் மட்டும் 3,000 பேர் வரை ஒளிந்திருந்தார்கள். இப்படி 76 வீடுகள்.

இந்தக் கதையின் கசப்பான பக்கத்தையும் சொல்ல வேண்டும். யூத இளைஞர்கள் லுட்ஸின் கடிதத்தைப் போலவே ஆயிரக்கணக்கில் போலிகளை அச்சிட்டார்கள். அக்டோபரில் ஆட்சியைப் பிடித்த ஹங்கேரிய நாஜிகளான அம்புச் சிலுவைக் கட்சியினருக்கு அது தெரிந்துபோனது. ஒபுடா செங்கல் சூளையில் ஜனங்களை நிறுத்தி, உண்மைக் கடிதம் எது, போலி எது என்று லுட்ஸையும் மனைவி கெர்ட்ரூடையும் பிரிக்கச் சொன்னார்கள். மறுத்தால் எல்லாக் கடிதமும் செல்லாது என்ற மிரட்டல். மணிக்கணக்கில் நின்று அந்த வேலையைச் செய்தார்கள். போலி என்று ஒதுக்கப்பட்டவர்கள் எங்கே போனார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. போருக்குப் பிறகு சுவிஸ் அரசு லுட்ஸைப் பாராட்டவில்லை, அதிகார வரம்பை மீறினாய் என்று கண்டித்தது.

ஸ்பெயின் தூதரகத்தில் ஆங்கெல் சான்ஸ் பிரிஸ் இதே எண் விளையாட்டை ஆடினார். அவருக்குக் கிடைத்த அனுமதி 200 பேர். அதை 200 குடும்பம் ஆக்கினார். எந்தக் காகிதத்திலும் 200-க்கு மேல் எண் வராமல் பார்த்துக்கொண்டார். அவர் நாட்டைவிட்டுக் கிளம்பிய பிறகு நடந்ததுதான் நம்ப முடியாதது. அங்கே உதவிக்கு இருந்த ஜோர்ஜோ பெர்லாஸ்கா என்ற இத்தாலிய வியாபாரி, மாட்டு இறைச்சி வாங்க வந்த ஆள், ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் சர்வாதிகாரி பிராங்கோ பக்கம் போரிட்டவர். 'சான்ஸ் பிரிஸ் ஓடவில்லை, பேசுவதற்கு சுவிட்சர்லாந்தின் பெர்ன் போயிருக்கிறார், அதுவரை நான்தான் பொறுப்பு' என்று ஹங்கேரிய அரசிடம் கூசாமல் சொல்லி, ஸ்பெயின் முத்திரையில் தானே கையெழுத்துப் போட்டார். வாரக்கணக்கில் ஒரு நாட்டின் தூதராக நடித்திருக்கிறார், மாட்ரிட்டுக்குத் தெரியாமல். அப்புறம் இத்தாலி திரும்பி 40 ஆண்டு யாரிடமும் வாய் திறக்கவில்லை.

ஜெர்மன் தூதர்களில் யாரும் இல்லையா?

ஒருவர் இருக்கிறார், நமக்குக் கொஞ்சம் பக்கத்து ஆளும்கூட. கியோர்க் டக்விட்ஸ், கோபன்ஹேகனில் ஜெர்மன் தூதரகத்தில் கப்பல் விவகாரங்களைப் பார்த்த அதிகாரி, நாஜிக் கட்சி உறுப்பினர். டென்மார்க் யூதர்களை ஒரே இரவில் பிடிக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் முதலில் சுவீடன் போய் அந்நாட்டுப் பிரதமரிடம் பேசினார். 1943 செப்டம்பர் 28-இல் டேனிஷ் அரசியல்வாதி ஹான்ஸ் ஹெட்டோஃப்டிடம் தேதியைச் சொல்லிவிட்டார். யூதச் சமூகம் வீடுகளைக் காலி செய்தது. மீன்பிடிப் படகுகளில் 7,000-க்கு மேற்பட்டோர் சுவீடன் கரை சேர்ந்தார்கள். பிடிபட்டவர்கள் 500-க்கும் குறைவு. 1960-களில் இவர் மேற்கு ஜெர்மனியின் தூதராக டெல்லியில் இருந்தார்.

அமெரிக்கா, பிரிட்டன்?

அமெரிக்க வெளியுறவுத் துறையில் விசாவைக் கவனித்த பிரெக்கின்ரிட்ஜ் லாங், விண்ணப்பங்களை மேலும் மேலும் தள்ளிப்போடலாம் என்று 1940 ஜூனில் குறிப்பு எழுதியவர். அவருக்குக் கீழே பிரான்சின் மார்சேய் நகரத் துணை கான்சல் ஹிராம் பிங்காம் நேர் எதிர்த் திசையில் நடந்தார். எழுத்தாளர் லயன் ஃபாய்ஷ்ட்வாங்கரை முகாமிலிருந்து பெண் வேஷத்தில் தப்ப வைத்துத் தன் வீட்டிலேயே ஒளித்து வைத்தார். 1941-இல் அவரை அங்கிருந்து மாற்றினார்கள், பதவி உயர்வு கிடைக்கவில்லை. இறந்து பல ஆண்டுகளுக்குப் பின் 2002-இல் அதே துறை, துணிவோடு மாற்றுக் கருத்துக் கொண்டதற்காக அவருக்கு விருது கொடுத்தது.

பிரிட்டன் பக்கம் ஃபிராங்க் ஃபோலி. பெர்லினில் பாஸ்போர்ட் அதிகாரி என்பது போர்வை, உள்ளே உளவுத் துறை. விதிகளை வளைத்து ஆயிரக்கணக்கில் விசா கொடுத்தார். தூதர்களைக் கைது செய்யக் கூடாது என்ற பாதுகாப்புக்கூட அவருக்குக் கிடையாது.

இவர்கள் ஏன் செய்தார்கள்? பொதுவாக ஏதாவது இருக்கிறதா?

நானும் தேடிப் பார்த்தேன். மதம் என்றால் கத்தோலிக்கர், லூத்தரன் சபையில் படித்த சீனர், சாதாரண ரேடியோ வியாபாரி என்று எல்லாம் இருக்கிறது. அரசியல் என்றால் பிராங்கோவுக்காகச் சண்டை போட்டவரும் நாஜிக் கட்சிக்காரரும் இருக்கிறார்கள். ஒன்று மட்டும் பெரும்பாலோருக்குப் பொருந்துகிறது. உத்தரவு போட்டவர்கள் லிஸ்பனிலும் டோக்கியோவிலும் பெர்லினிலும் உட்கார்ந்திருந்தார்கள். இவர்கள் ஜன்னலைத் திறந்தால் கீழே வரிசை தெரிந்தது. அதே வரிசையைப் பார்த்துவிட்டு ஜன்னலைச் சாத்திய அதிகாரிகளும் அதே ஊர்களில் இருந்தார்கள் என்பதால் இதையும் முழுப் பதிலாகச் சொல்ல முடியவில்லை.

இந்த இடங்களை இப்போது போய்ப் பார்க்கலாமா?

பார்க்கலாம். கௌனாஸில் சுகிஹாராவின் தூதரக வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. ஜப்பானில் அகதிகள் கரையிறங்கிய சுருகா துறைமுகத்திலும் ஒன்று உண்டு. போர்த்துகலின் கபனாஸ் டி விரியாட்டோவில் இடிந்து கிடந்த சோசா மெண்டெஸின் வீட்டைப் பழுது பார்த்து 2024-இல் திறந்தார்கள். புடாபெஸ்டில் வடாஸ் தெருவில் கண்ணாடி வீடு. கௌனாஸ் போகிறவர்கள் ஃபிலிப்ஸ் அலுவலகம் இருந்த லைஸ்வெஸ் சாலையையும் விட்டுவிடாதீர்கள். ஸ்வார்டென்டைக்குக்கு 2018-இல் அங்கே நினைவுச் சின்னம் வைத்தார்கள். 2,000-க்கு மேற்பட்ட விளக்குக் குழாய்களை மரங்களுக்கு இடையில் சுருளாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். இருட்டிய பிறகு போனால்தான் எரிவது தெரியும்.